இரண்டு வீட்டுக்கும் ஒரே எழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். என் அக்காவும் எங்களோடுதான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. நானும் என் கணவரும் வேலைக்குப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து பிளவுஸ் தைப்பாள். துணி கொடுக்க வருகிறவர்கள் பெல் அடித்துப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிப் போய்விடுவார்கள். அது அவளுக்குப் பெரிய வருத்தம்.

ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் கணவர், ஒரு நண்பர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து விற்ற இரண்டு சின்னப் பெட்டிகளை வாங்கி வந்தார். தனி வயர் இழுக்க வேண்டாம். பெல்லை அமுக்கினால் ஒரு பெட்டி வீட்டுக் கரண்டு வயர் வழியாகவே தகவல் அனுப்பும். மற்றது தையல் மிஷின் மேலிருக்கும் விளக்கை எரிய வைக்கும். இரண்டு பெட்டியிலும் ஒரே எழுத்தும் ஒரே எண்ணும் திருகி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் விளக்கு எரிந்ததும் அக்கா ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். வெளியே என் கணவர். அவரை உள்ளே விடாமல் கேட்டைச் சாத்திவிட்டு, இன்னொரு முறை அடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

பிறகு யாரும் வராமலே விளக்கு எரிய ஆரம்பித்தது. அவள் வெளியே போய்ப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அங்கிள் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மனைவியை இழந்தவர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தலையசைப்பார், இவள் சிரித்துவிட்டு உள்ளே வருவாள்.

ஒரு வாரம் கழித்து அவரே வந்தார்.

“தங்கச்சி, என்ட வீட்டு வாசல் லைட் தன்ட பாட்டில எரியுது. ஏனெண்டு விளங்கேல்லை.”

என் கணவர் சிரித்துவிட்டார். “அங்கிள், நீங்களும் அந்த செட்டுதான் வாங்கினீங்களா?”

அதே நண்பரிடம்தான் வாங்கியிருந்தார். முழங்கால் வலி, எழுந்து போய் ஸ்விட்ச் போட முடியாது. வாங்கும்போது இருந்தபடியே இரண்டு செட்டிலும் ‘ஏ’ எழுத்து, எண் ஒன்று.

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே கரண்டு லைன் லா. நீங்க அமுக்கினா எங்க விளக்கு எரியும், எங்க பெல் அடிச்சா உங்க விளக்கு எரியும்.”

என் கணவர் ஸ்க்ரூ டிரைவரால் எங்கள் பெட்டிகளை ‘எம்’முக்கு மாற்றினார்.

மூன்றாம் நாள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். விளக்கைக் காட்டினாள், அங்கிள் வீட்டைக் காட்டினாள், இப்போது ஏன் எரிவதில்லை என்று கையை விரித்தாள். முன்பு எரிந்ததும் அவர் கூப்பிட்டதால் அல்ல, பெட்டியின் தவறு என்று விளக்கினேன். அவள் முகம் வாடிவிட்டது.

அதை என் கணவர் அங்கிளிடம் சொன்னார்.

“லைட்டைப் போட்டா அவ வாறா எண்டு கண்டனான். பிறகு சும்மாவும் ரெண்டு மூண்டு தரம் போட்டனான்,” என்றார் அங்கிள்.

என் கணவர் இன்னொரு பெட்டி வாங்கி வந்து எங்கள் சமையலறை விளக்கில் மாட்டினார். எழுத்து ‘ஏ’, எண் இரண்டு. தினமும் நாலு மணிக்கு அங்கிள் தன் பெட்டியில் இரண்டாம் எண் பொத்தானை அமுக்குவார், எங்கள் சமையலறை விளக்கு எரியும். அக்கா இரண்டு கோப்பை டீயோடு போய், நடுவிலிருந்த குட்டைச் சுவரில் வைப்பாள். அவர் மெல்ல மெல்லக் கையால் பேசக் கற்றுக்கொண்டார். சீனி குறைவாகப் போடு என்று சொல்லப்போய், மழை வருகிறது என்று சொல்லிவிடுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நாலு வருஷம் அப்படிப் போனது. பிறகு அவர் மகள் வந்து சுங்கை பூலோவிலிருந்த தன் வீட்டுக்கு அவரை அழைத்துப் போனாள். அக்கா இரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு சுங்கை பூலோவுக்கு பஸ் ஏறினேன்.