மெத்தைத் துணிக்கு ஒரு முக்கு

ஒரே அச்சில் வார்த்த இரண்டு பீங்கான் கோப்பைகளை அப்பா பட்டறையில் அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சூளைக்குப் போய்வந்த கோப்பை, போகாததைவிட ஒரு விரற்கடை குள்ளம். "வெந்தா மண்ணு சுருங்கும். அதனாலதான் அச்சையே பெருசா போடறோம்" என்றார் அப்பா.

விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பீங்கான் வேலைக்குப் போகிறவர்கள். இது எந்தப் பிள்ளைக்கும் புதுச் செய்தி இல்லை. எனக்கு மட்டும் அத்தையின் மெத்தை ஞாபகம் வந்தது. அப்பாவுக்குக் கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா பிரசவத்துக்கு நல்லூருக்குப் போயிருந்தாள். தம்பி பிறந்தும் ஆயிற்று. நான் இன்னும் அவனைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று என்னை அப்பாவோடு விட்டிருந்தார்கள். எங்களுக்குச் சமைத்துப்போட, அப்பாவின் அக்காவான அத்தை திட்டக்குடியிலிருந்து வந்திருந்தாள். ஐப்பசி மழையில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குவார். வகுப்பில் படித்ததையெல்லாம் யாரிடமாவது சொல்ல எனக்கு வாய் பரபரக்கும். கொடியில் தொங்கிய அம்மாவின் புடவைகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவற்றையும் அத்தை மெத்தைக்கு எடுத்துக்கொண்டாள்.

தம்பிக்கு விரிக்கும் மெத்தை. உள்ளே பழம்புடவைகளை மடித்து அடுக்கி, மேலும் கீழும் புதுத்துணி வைத்து, நெருக்க நெருக்கத் தைக்க வேண்டும். அத்தைக்காரி வெறுங்கையோடு பிள்ளை பார்க்கப் போகக்கூடாது; மெத்தை முடிந்தால்தான் நல்லூர் பயணம். அதனால் பள்ளி விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த மெத்தையைத்தான். அடுக்கு முடிந்து, புதுத்துணியை வெட்டுவதுதான் பாக்கி.

"அத்தே, வெட்டாதீங்க! புதுத்துணிய மொதல்ல தண்ணியில நனைக்கணும்!"

பழசு சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது, புதுசு இனிமேல்தான் சுருங்கும், தம்பி நனைத்து முதல் தடவை அலசியதுமே மெத்தை அப்பளம் பொரிந்தாற்போல் இழுத்துக்கொள்ளும் என்று மூச்சிரைக்க விளக்கினேன்.

அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "போடி, பெரிய டீச்சரு! நனைச்சா அப்புறம் அது என்னா புதுசு? மூலையில மஞ்சள் வச்சிட்டேன். நாத்தனாக்காரி பழந்துணியில தைச்சிக் குடுத்துட்டான்னு நல்லூர்க்காரங்க பேசவா?"

"கோப்பையே சுருங்குது அத்தே!"

"புள்ளைய என்னா கோப்பையிலயா படுக்க வைக்கப் போறாங்க?"

சாயங்காலம் அப்பாவிடமும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "சீக்கிரம் தைச்சி முடி அக்கா" என்றார். "ஞாயித்துக்கெழம நல்லூருக்குப் போயி இவ அம்மாவையும் புள்ளையையும் கையோட அழைச்சிக்கினு வந்துடலாம். உன்னையும் திட்டக்குடி பஸ்ஸுல ஏத்தி வுட்டுடறேன். நீயும் எத்தினி நாளைக்கி வூட்டப் பூட்டிப் போட்டுட்டு இங்க கெடப்ப?"

"தொறந்து வைக்க அங்க யாரு இருக்கா?" என்றாள் அத்தை. மாமா போனபிறகு அவள் மட்டுமே இருந்த வீடு அது. அப்பா கைகழுவ எழுந்துவிட்டார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால், புதுத்துணி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. மஞ்சள் வைத்த மூலையும் உள்ளே.

"நீ சொன்னதுதான் சரி பாப்பா. நனைக்காம தைக்கக் கூடாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சளையும் நாத்தனார் மரியாதையையும் என் அறிவியல் ஒரே நாளில் ஜெயித்துவிட்டது! துணியைப் பிழிந்து கொடியில் போட்டபோதுதான் உறைத்தது. இந்த மழையில் இது எப்போது காய்வது? ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பஸ் ஏறுவது?

"லேசா ஈரமா இருந்தா பரவாயில்ல அத்தே, தைச்சிடலாம்" என்று கெஞ்சினேன்.

"அதெப்படி? நீதானடி சொன்ன?"

ஞாயிறு மழையோடு போனது. அக்கா பேச்சுக்கு அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க ஸ்கூலுல வேற என்னா சொல்லிக் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கடல் ஆவியாகி மேகமாவதைச் சொன்னேன். "அட, அப்பிடியா!" என்றாள். இன்னும் கேட்டாள். அம்மா போனபிறகு நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

ஒருவழியாகத் துணி காய்ந்தது. முன்பு அடுக்கைத் தாண்டித் தொங்கிய துணி, இப்போது விளிம்போடு விளிம்பாக நின்றது. நான் சொன்னதுதான் நடந்திருந்தது. அத்தை ஊசியில் நூல் கோத்தாள். வருகிற ஞாயிறு அம்மா வந்துவிடுவாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அத்தே, நூலும் பஞ்சுலதானே திரிக்கிறாங்க? அதுவும் சுருங்குமே!"

அத்தை என்னைப் பார்த்தாள். கோத்த நூலை ஊசியிலிருந்து மெல்ல உருவினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு என்றே எடுத்துக்கொண்டேன்.

"ஆமா பாரு! எனக்குத் தோணவே இல்லியே. காலையில நூல்கண்டோட தண்ணியில போட்டுடலாம்." கொஞ்சம் தயங்கினாள். "அப்பறம் பாப்பா... உள்ள வச்ச புடவையெல்லாம்கூட இன்னொரு வாட்டி அலசிப் பாத்துடலாமா?"

பழசு இனிச் சுருங்காது என்று சொன்னவளே நான்தான். ஆனாலும் எதையும் சோதித்துப் பார்ப்பது நல்லதுதானே என்று, பெரிய மனுஷிபோல் தலையாட்டினேன்.