ருவான்வெல்லையில் விடுபட்ட ஒரு சிறு கோடு

பெப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும். அதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தது. கேகாலையில் காலை 7.10க்கு பஸ் ஏறினேன். ருவான்வெல்லைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

பஜாரிலிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர். த்ரீவீலர் ஓட்டும் நிசாம், மாவனல்லைக்காரர், எழுநூறு ரூபாய் கேட்டார். புறப்படும்போது ஒரு பெண் கைகாட்டினார்.

“இவங்களும் அந்தத் தோட்டத்துக்குத்தான். ஏத்திக்குவமா?” என்றார் நிசாம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. அம்மாக்கள் ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போகும் நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். தோட்ட ஆபீஸிலிருந்து வந்த ஒரு கடிதத்தை நீட்டினார்.

“இதக் கொஞ்சம் பாருங்கண்ணா. நா வேலைய விட்டுட்டேன்னு எழுதியிருக்காங்க. நா விடலீங்க.”

வருடாவருடம் ஒப்பந்தம். இந்த முறை யாரையும் கேட்காமல் தானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் படம் போனில் இருந்தது. மறுபடி கையெழுத்திட விரும்புகிறேன் என்று சொல்ல, ‘சைன்’ என்பதற்கு முன்னால் ‘ரீ’ சேர்த்திருக்கிறார். நடுவில் சிறு கோடு போடவில்லை. கோடு இல்லாவிட்டால் அதே எழுத்துகள் ‘ரிசைன்’ ஆகிவிடும். வேலையிலிருந்து விலகுகிறேன் என்று பொருள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் ‘இழப்போம்’ (lose) என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் ‘ஓ’ கூடிப்போய் ‘தளர்வு’ (loose) என்று வாடிக்கையாளருக்கு அனுப்பியவன் நான்.

விளக்கினேன்.

“ஏழு வருஷமா இருக்கேன். ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?”

“நான் வந்து பேசட்டுமா?”

“வேணாங்க. நா எழுதுன காயிதம், நானே பேசிக்கிறேன். அந்தக் கோடு எங்க வரும்னு மட்டும் காட்டுங்க.”

தோட்ட ஆபீஸ் வாசலில் நிசாம் எஞ்சினை நிறுத்தினார். “என்ன ஆகுதுன்னு பாத்துட்டே போவம்.” நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அதற்கு அவர் ஒரு சதம்கூட வாங்கவில்லை.

ஸ்டெல்லா வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சுங்க. தோட்டத்துத் தொரை சிரிச்சாரு. நா சிரிக்கல. இனிமே சந்தேகம்னா கூப்பிட்டுக் கேளுங்கன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுப் பிள்ளைக் காம்பராவை நோக்கி வேகமாக நடந்தார்.

தளிர் பார்க்கப் போகிறவர்கள் பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். இளஞ்சிவப்பு அப்போதுதான் தெளிவாகத் தெரியும். குடையும் தண்ணீரும் அவசியம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எழுதுகிறவர்கள் ‘ரினியூ’ என்றே எழுதுங்கள், கோடு தேவைப்படாது. அப்படி ஒரு கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால், பதில் எழுதுமுன் எழுதியவரை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.