ஒட்டிலியா அத்தை ஊற்றிய தண்ணீர்

சோவியத் ஆட்சியில் ஜெபத்துக்குத் தடை. கரகண்டாவில் எங்கள் சுரங்கக் குடியிருப்புக்கு இருபது வருஷம் சாமியாரே கிடையாது. ஜெர்மன்காரர், போலந்துக்காரர் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஒட்டிலியா அத்தையும் அவள் தங்கை கிளமென்டினாவும்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ஜெபம் மனப்பாடமாகத் தெரிந்தவள் கிளமென்டினா. ஆனால் மரம் வெட்டும் முகாமில் பனி அவள் விரல்களைத் தின்றுவிட்டிருந்தது. அதனால் அவள் ஜெபம் சொல்ல, அத்தை தண்ணீர் ஊற்றுவாள். என் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான். போன வருஷம் கிளமென்டினா செத்துப்போனாள்.

இந்த மார்ச்சில், சிறையிலிருந்து விடுதலையான பெனடிக்டஸ் சாமி, கொதிகலன் ரிப்பேர்காரர் என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வந்ததும், பிள்ளைகளின் ஞானஸ்நானம் பற்றி அத்தையிடம் விசாரித்தார்.

"யாரும்மா ஊத்தினது?"

"நான்தான் சாமி."

"ஜெபம்?"

"தங்கச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊத்துறவங்களேதாம்மா ஜெபமும் சொல்லணும். ரெண்டு பேரு பிரிச்சு செஞ்சா செல்லாது."

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"மூணு நாள்."

வேறு யாராவது என்றால் ஒப்பாரி வைத்திருப்பார்கள். அத்தை பூட்ஸை மாட்டினாள். "லெயோ, வண்டியை எடுடா."

என் மோட்டார் சைக்கிளின் பக்கத் தொட்டியில் அவளை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைச் சாமியாரிடம் மறுபடி ஞானஸ்நானத்துக்கு அனுப்பச் சொல்லி, பனி உருகிய சேற்றில் வீடு வீடாக அலைந்தேன். என்னைச் சாப்பிடவும் விடவில்லை. மேஸ்திரி மனைவி வால்புர்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"போலீஸ் மோப்பம் பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். உன் பையன் தலையை மட்டும் குடு, உடம்பை நீயே வச்சுக்க."

மூன்றாம் நாள் மத்தியானம் என் சமையலறையில் சாமியார் கடைசிப் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுத்து முடித்தார். எல்லாரும் போனபின் அத்தை கேட்டாள்:

"என் ரொசீனா?"

பதினெட்டே நாளில் செத்துப்போன அவளுடைய ஒரே மகள். அவளுக்கும் அக்காவும் தங்கையும் அப்படிப் பிரித்துத்தான் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள்.

"ஆண்டவர் இரக்கமுள்ளவரும்மா. உங்க மனசைப் பார்ப்பார்."

"உசிரோட இருக்கிறவங்களுக்குச் சட்டம், செத்தவளுக்கு இரக்கமா? அந்த இரக்கம் எல்லாருக்கும் போதும்னா நான் எதுக்குச் சாமி சேத்துல அலைஞ்சேன்?"

சாமியார் ஊருக்குப் போகக் கட்டி வைத்திருந்த பையை எடுத்தார். "எங்கேம்மா புதைச்சிருக்கு?"

கல்லறை சுரங்க வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரம். ஆட்கள் எங்களையே பார்த்தார்கள். ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்குச் சாமியார்கள் அடக்கச் சடங்கே செய்யமாட்டார்கள்; பெற்ற சிசுவுக்கு கழுத்தில் வெள்ளைத் துணிப் பட்டை அணிந்து செய்வார்கள். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். சாமியார் பையிலிருந்து வெள்ளைப் பட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தை அவர் கையைப் பிடித்தாள். "சாமி, தெரியாம எடுத்துட்டீங்க."

"தெரிஞ்சுதான் எடுத்தேன். பிள்ளை பேரைச் சொல்லுங்க."

நாங்கள் ஜெபம் என்றாலே முணுமுணுத்துப் பழகியவர்கள். அத்தை, சுரங்க வாசல்வரை கேட்கும்படி, மகளின் பேரைச் சொன்னாள்.