ஒன்பது மணித் தண்ணீர்

யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் சோங் கீ ஹெங் முதலில் சமையலறைக்குள்தான் நுழைவார். கை கழுவுகிற சாக்கில் சிங்க்கின் விளிம்புக்கு அடியில் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவுவார். எங்காவது பசை பிதுங்கியிருந்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. மகள் சூக் யீ சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வந்தாள். ஒருமுறை பள்ளித் தோழி வீட்டிலும் அவர் அப்படிச் செய்தபோது, அவரைத் தெரியாதவள் போலத் தள்ளி நின்றுகொண்டாள்.

மலேசியாவில், ஈப்போ நகரில் சமையலறை அலமாரி செய்யும் ஒரு கடையில் அவர் இருபத்தாறு வருஷம் சிங்க் பொருத்தினார். அவர் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. குடும்பத்தில் முதல் ஆளாக மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கோழிச்சோறு வாங்கிக் கொடுத்தார்.

அவளுடைய இரண்டாம் ஆண்டு விடுமுறையில், சீனப் புத்தாண்டுக்கு ஆறு நாள் இருக்கும்போது, பக்கத்து மெங்லெம்புவில் யாப் அம்மாள் வீட்டு வேலை வந்தது. கல்மேடையின் மேல் விளிம்பு உட்கார்ந்திருந்த பழைய சிங்க்கைக் கழற்றிவிட்டு, கல்லுக்கு அடியில் ஒட்டுகிற புது மாதிரி வேண்டும் என்றாள். மேடையில் சிந்தியதை அப்படியே உள்ளே வழித்துவிடலாமாம். பழைய மாதிரியைக் கல்லே தாங்கிக்கொள்ளும். புது மாதிரியைத் தாங்கப் பசையும் நாலு கவ்விகளும்தான். பசை இறுக ஒரு முழு நாள் ஆகும். அதுவரை அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, சொட்டுத் தண்ணீர் படாமல் வைத்திருக்க வேண்டும்.

கீ ஹெங்கும், அவரோடு ஆறு வருஷமாக வேலை பார்த்த ஜாவாக்காரன் வாகிமானும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒட்டி முடித்தார்கள். மறுநாள் குழாய் இணைப்பு மட்டும் பாக்கி. அன்று காலை கடை வேன் பழுதாகிவிட்டதால் சூக் யீதான் இருவரையும் காரில் கொண்டுபோய் விட்டாள். அவளும் உள்ளே வந்து நின்றாள்.

யாப் அம்மாள் சீனப் பஞ்சாங்கமும் கையுமாகக் காத்திருந்தாள்.

"ஒம்போதுலருந்து பதினொண்ணுக்குள்ள தொட்டி நெறையத் தண்ணி புடிச்சாகணும், ஹெங். தண்ணி நெறஞ்சாத்தான் பணம் நெறையும். இத விட்டா புத்தாண்டுக்கு முன்னால நல்ல நேரமே இல்ல." குனிந்து அலமாரிக்குள் பார்த்தாள். "இது என்ன, நொண்டிக்குக் கம்பு குடுத்த மாதிரி? இப்படி இருந்தா செல்வம் எப்படி நிக்கும்? எடுத்துடு."

"அண்ணே, இன்னும் காயல," என்றான் வாகிமான். "சாயங்காலம் வரைக்கும் விடுங்க."

"நேத்து நல்ல வெயில்டா. இறுகியிருக்கும்."

"வெயில் ரோட்டுலல்ல அடிச்சுது. பசை அலமாரிக்குள்ள இருக்கு."

யாப் அம்மாள் சிரித்துவிட்டாள். "உன் ஆளு உன்னவிட வெவரமா இருக்கானே, ஹெங்."

அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது என்று சூக் யீ பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். ஆனால் தன் வீட்டுக்கும் அவர் அதே பஞ்சாங்கத்தைத்தான் பார்ப்பார். எல்லாம் அந்தச் சிரிப்பால்தான் என்று சொல்வது அவருக்குச் சலுகை காட்டுவதுதானோ?

கீ ஹெங் தன் கையாலேயே கட்டையை உருவினார். "நீ கீழ படுத்து ஒழுகுதான்னு மட்டும் பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

குழாயை இணைத்துத் திறந்துவிட்டார். யாப் அம்மாள் நல்ல சகுனத்துக்கு எட்டு ஆரஞ்சுப் பழங்களை மிதக்கவிட்டாள். தொட்டி முக்கால் நிறைந்தபோது ஒரு பக்கத்துப் பசை பிரிந்தது. அத்தனை தண்ணீரோடும் சிங்க் வாகிமானின் வலது மணிக்கட்டில் இறங்கியது.

அவனை மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு கடை முதலாளி வந்தார்.

"கட்டைய எடுத்தது யாரு?"

"வேலைக்காரங்க சமாச்சாரம் எனக்கு என்ன தெரியும்," என்றாள் யாப் அம்மாள்.

கீ ஹெங் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன்தான் அவசரப்பட்டுட்டான்."

முதலாளி சூக் யீயிடம் திரும்பினார். "படிக்கிற பொண்ணு, நீ சொல்லும்மா. நீ இங்கதான இருந்த?"

அப்பாவுக்கு வேலை போனால் அடுத்த பருவம் அவளுக்குப் படிப்பு இல்லை. அது அந்த அறையில் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

"நான் கார்ல இருந்தேன், அங்கிள்."

வாகிமானின் வேலை பெர்மிட்டைக் கடை புதுப்பிக்கவில்லை. கை சரியில்லை என்று மட்டும் அவனிடம் சொன்னார்கள். கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டோடு அவன் ஜாவாவில் தன் ஊரான பிளிட்டாருக்குத் திரும்பினான். கீ ஹெங் வழியனுப்பப் போகவில்லை.

மகள் பட்டம் வாங்கிய அன்று, அங்கி மாட்டிப் படம் எடுக்கிற வரிசையில் நிற்கும்போது, "அன்னிக்கு யாப் வீட்டுல..." என்று தொடங்கினார்.

"இப்ப எதுக்குப்பா," என்றாள் சூக் யீ. பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் விட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

போன வருஷம், அத்தனை காலம் கல்மேடை அறுத்த தூசியால் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். மூன்றாம் நாள் மத்தியானம் வாகிமானின் குரல் செய்தி அவள் கைப்பேசிக்கு வந்தது.

"தங்கச்சி, அண்ணன் போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அன்னிக்கு முதலாளிகிட்ட எனக்காக ரொம்பக் கெஞ்சியிருப்பாரு, அவர் குணம் எனக்குத் தெரியும். நான் ஒரு நன்றிகூடச் சொல்லல. எங்க ஊர்ல ஒருத்தர் செத்தா, அவர் யாருக்கு என்ன பாக்கி வெச்சிருக்காருன்னு வீட்டுக்காரங்க கேட்டுத் தீத்துடுவாங்க. நீ கேக்க வேணாம்னுதான் நானே சொல்றேன். எனக்கு அவர் ஒண்ணும் பாக்கி இல்லம்மா. நிம்மதியா இரு."

சூக் யீ எழுதினாள்: உங்கமேல பழியப் போட்டது அப்பாதான். நான் பக்கத்துலயே நின்னேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு, "நன்றி அண்ணே" என்று மட்டும் அனுப்பினாள்.