படகுக் கூரையில் பனி துடைத்தவர்

வெளிநாட்டில், ஹவுன்ஸ்லோ என்ற ஊர்ப்பக்கம் நான் ஷிப்ட்டுக்கு நடந்துபோகும் கால்வாய்க்கரையில் ஒரு தமிழ்ப் பெரியவருடைய படகு கட்டியிருந்தது. அவர் குடியிருந்ததும் அதில்தான். கரண்ட் கிடையாது. சமையல் காஸில், வெளிச்சம் மெழுகுதிரியில். கூரையில் கிடந்த ஒற்றைச் சோலார் பலகை போனுக்கு மட்டும். பனி கொட்டிய காலைகளில், கூட்டுகிற தும்புத்தடியில் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றைச் சுற்றி அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். நரைத்த தாடியிலும் பனி இருக்கும். வாசற்படியில் கிடக்கும் பனியைத் தொடவே மாட்டார்.

ஒருநாள் பலகையில் பனி கட்டியாக இறுகிவிட்டது. என் ஃபிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரை நீட்டினேன்.

"வேண்டாம் தம்பி, கண்ணாடி வெடிச்சிடும்" என்றவர், கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தே கரைத்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"மகன்."

அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

"கதைக்கேல்லையோ ஐயா?"

"இல்லை."

"பிறகேன் இந்தக் குளிருக்கை சார்ஜுக்குக் கஷ்டப்படுறியள்?"

"போன் செத்துக் கிடந்தால், சார்ஜ் இல்லையாக்கும் எண்டு நினைச்சிடுவான். அடிச்சும் நான் எடுக்கேல்லை எண்டு அவனுக்குத் தெரியவேணும்."

மகன் என்ன செய்தான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சிவந்துபோன கையை மறுபடியும் பனிக்கட்டியில் வைத்தார்.