ஜன்னலோரத்து எட்டு விநாடி

ஷைனிக்கு ஒரு போர்டுக்கு எட்டு விநாடி கிடைக்கும். அந்த எட்டு விநாடியில் அவள் எங்கெங்கே போய் வருகிறாள் என்பது கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள்.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிணற்றில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஒரு போர்டு, உள்ளங்கை அகலம். அதன் நடுவில் கறுப்பாக ஒரு சிப். வந்து சேரும்போது அந்தச் சிப்புக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குப் புத்தி ஏற்றுவதுதான் ஷைனியின் மேசை. சுவரில் முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதில் சொருகியபடி புரோகிராமர் என்று ஒரு சின்ன டப்பி. டப்பியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஆறு கம்பி சேர்ந்த பட்டைக் கேபிள், அதன் முனையில் ஒரு கிளிப். கிளிப்பைப் போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு முள்ளில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகரும். எட்டு விநாடி கழித்துப் பச்சை வந்தால் போர்டு பிழைத்தது. சிவப்பு வந்தால் சிவப்புத் தட்டுக்குப் போகும். இப்படி ஒரு நாளைக்கு அறுநூறு.

ஷைனி கவரைப்பேட்டையில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்துப் பிழைத்தவர்கள். பன்னிரண்டாவது முடித்த மறுமாதமே இவள் கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். முதலில் கையுறைக் கம்பெனி, பிறகு இறால் உரிக்கிற குளிர் கூடம், பிறகு இங்கே. மூன்று இடத்திலும் அவளுக்குக் கிடைத்தது சுவரைப் பார்த்த இடம். கல்யாணமாகிக் குடிபோன வரிசை வீட்டில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் ஒரு சாண் தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். அவள் கணவன் இம்மானுவேல் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்தச் சுவரில் ஆணி அடித்து பிரஷ் மாட்டிவைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இன்னும் தெரியாது. முப்பத்தாறு வயதுக்கு அவள் பார்த்த உலகத்தில் பாதி சுவர்தான்.

அப்படிப்பட்டவளுக்கு ஆவணி மாதம் அதிர்ஷ்டம் அடித்தது. புதுப் பேக்கிங் மிஷினுக்காக ஹாலில் மேசைகளை எல்லாம் நகர்த்தினார்கள். ஜன்னலோரம் ஒரு மேசை அகலத்துக்கு இடம் காலியானது. ஷைனி ஓடிப் போய் சூப்பர்வைசர் கோபாலிடம், "இங்க வெளிச்சம் பத்தல சார், முள்ளு கண்ணுக்கே தெரியல" என்றாள். வேறு தலைவலிகளில் இருந்த கோபால் சரியென்று தலையாட்டிவிட்டார். திரையைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் ஒரு சாண் கேபிள் ஜன்னல்வரை எட்டாது. அதற்கு எலக்ட்ரீஷியன் சின்னதுரை இருக்கிறார். "இன்னா பெரிய விஷயம்" என்று இரண்டு மீட்டருக்குப் பட்டைக் கேபிள் செய்து, மின்சார ஒயர் போகிற பட்டிக்குள்ளேயே அழகாகச் சொருகிக் கொடுத்தார். பழைய கேபிளை ஷைனி இழுப்பறைக்குள் போட்டாள். இந்தச் சங்கதியை யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே கம்பி வேலி. வேலியைத் தாண்டி ஏரி. ஏரிக்கு அந்தக் கரையில் ரயில் பாதை.

முதல் நாளே அவள் ரயில் ஏறிவிட்டாள். ஒரு போர்டில் ஏறினாள், அடுத்த போர்டில் இடம் பிடித்தாள். ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை வரைக்கும் அவளுக்கு நிஜமாகவே தெரியும், சித்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அதற்கப்புறம் கடவுள் விட்ட வழி. எட்டு விநாடி எட்டு விநாடியாக வடக்கே போனாள். கிளிப்பைக் கழற்றும்போது ரயில் நிற்கும், மாட்டும்போது கிளம்பும். பெயர் தெரியாத ஸ்டேஷன்களுக்கு அவளே பெயர் வைத்தாள். ஓர் ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் வாய்க்கால் ஓடியது, குழந்தைகள் படியில் உட்கார்ந்தபடியே கால் நனைத்தார்கள். இன்னோர் ஊரில் எருமைகள் பிளாட்பாரத்தில் படுத்திருந்தன, ஸ்டேஷன் மாஸ்டர் அவற்றின் தூக்கம் கலையாமல் சுற்றிக்கொண்டு போனார். மழை ஆரம்பித்து ஏரி நிரம்பிய பிறகு பாதையே தண்ணீர் மேல் மிதந்தது. ரயில் சத்தமில்லாமல் வெள்ளை வெளிச்சத்துக்குள் போயிற்று. ஒரே ஓர் ஊரில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேர் கேட்கவில்லை, எத்தனை முடித்தாய் என்று கேட்கவில்லை. மர பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் மட்டும் நாற்பது போர்டு தங்கினாள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை ரயில் நடுவழியில் நின்றது. சிவப்பு. கழற்றி மாட்டினாள், மறுபடி சிவப்பு. அடுத்தது பச்சை, அதற்கடுத்து வரிசையாக நாலு சிவப்பு. 'சிப் பதில் சொல்லவில்லை' என்பதைத்தான் திரை இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், டப்பியைப் பிடுங்கிச் சொருகினாள். பிரயோஜனமில்லை. சாயங்காலத்துக்குள் சிவப்புத் தட்டில் நூற்றுப் பத்து.

செவ்வாய்க்கிழமை கோபால் திருவள்ளூரிலிருக்கும் அஸ்கர் அலிக்குப் போன் போட்டு ஷைனியிடம் கொடுத்தார். அந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவன் அஸ்கர்தான். பொறுமையான பையன், குரலிலேயே தெரியும். அவன் எழுத்து எழுத்தாகச் சொல்ல, ஷைனி கறுப்புத் திரையில் ஒற்றை விரலால் தட்டினாள்.

"இப்ப ஒரு லிஸ்ட் வருதா அக்கா? அதுல புரோகிராமர் பேரு இருக்குதா?"

"இருக்குது தம்பி. ரெண்டாவது வரி."

"அப்போ கம்ப்யூட்டரும் டப்பியும் நல்லாத்தான் பேசிக்கினு இருக்குது. டப்பிக்கு அந்தாண்டதான் கோளாறு. ஒண்ணு போர்டு, இல்லாட்டி கேபிள். நான் குடுத்த ஒரு சாண் கேபிள்தானே போட்டிருக்கீங்க?"

ஷைனி ஜன்னலைப் பார்த்தாள். தண்ணீர் வேலிக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அதேதான் தம்பி" என்றாள்.

"அப்போ போர்டுதான் அக்கா. முள்ளு பத்தவச்சத பாக்கச் சொல்லுங்க."

அந்த ஆறு முள்ளை ஈயம் வைத்துப் பற்றவைக்கிறவள் அருணா. வயது இருபத்தொன்று. மூன்று மாதப் பரிசோதனைக் காலம் அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரம் ஆகாவிட்டால் தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவோம் என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் ஷைனியோடுதான் உட்காருவாள். ஷைனியின் டப்பாவிலிருந்து குழம்பை எடுத்துப் போட்டுக்கொள்கிற அளவுக்கு உரிமை. கோபால் சிவப்புத் தட்டை அவள் மேசைமேல் கொட்டி, "இன்னாமா ஈயம் வெக்கிற? பேஜாரு புடிச்ச வேலையா இருக்குது" என்று கத்தினார். அருணா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தாள். எல்லாமே பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஷைனிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹால் அமைதியாக இருந்தது. திங்கட்கிழமை புதிதாக வைத்த ஏர் கம்ப்ரஸர் நின்றிருந்தது. சும்மா ஒரு சிவப்புப் போர்டை எடுத்து மாட்டிப் பார்த்தாள். பச்சை. இன்னொன்று, பச்சை. இருபது போர்டு, இருபதும் பச்சை. மணி அடித்துக் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் அதே போர்டு சிவப்பு காட்டியது. கம்ப்ரஸரின் ஒயரும் அவள் கேபிளும் ஒரே பட்டிக்குள் ஓடுகின்றன; அந்த ஒயரின் மின் இரைச்சல் நீட்டிய கேபிளுக்குள் புகுந்து சிப்போடு பேசுவதைக் குழப்புகிறது. அவள் இழுப்பறையிலிருந்து பழைய ஒரு சாண் கேபிளை எடுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, சுவர் மூக்கில் இடிக்க, கம்ப்ரஸர் ஓட ஓட மாட்டிப் பார்த்தாள். பச்சை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மேசை சுவருக்குப் போகும். அவ்வளவுதான் காரணம். அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தபோது அவளுக்கே கூசியது.

குறுக்குவழி ஒன்று இருக்கிறதா என்று வியாழக்கிழமை ரகசியமாக அஸ்கரைக் கேட்டாள். "வேகத்தைக் கொறச்சுப் பாருங்கக்கா, மெதுவா சொன்னா சிப்புக்குப் புரியும்" என்று ஓர் எண்ணை மாற்றச் சொன்னான். மாற்றினாள். கம்ப்ரஸர் என்ன கத்தினாலும் பச்சைதான். ஆனால் எட்டு விநாடி இருபது விநாடியாயிற்று. ஐயோ, அந்தக் காலைப்பொழுதை என்னவென்று சொல்ல! ஒரே போர்டில் ஓர் ஊர் வந்து, போய், அடுத்த ஊரின் விளக்குகள் தெரிந்தன. ஒரு கிழவர் ஏறி எதிரில் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தார், தின்று முடிக்கவும் நேரமிருந்தது. ஆற்றுப்பாலம் ஒன்று வந்தது. பாலம் முடியவே இல்லை. கீழே மணல் திட்டில் யாரோ வெள்ளைத் துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். பாலத்தின் நடுவில் அருணா கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து முள்ளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஷைனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய பக்கமும் பாலமாகவே இருந்தது.

மதியம் கோபால் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "காலைல நாஷ்டா துன்னியா இல்லியா நீ? இன்னா இவ்ளோதான் ஆயிருக்குது?" ஷைனி எண்ணை மறுபடி பழையபடி மாற்றினாள். சிவப்பு திரும்பி வந்தது. அன்று மாலை கோபால் அருணாவைக் கூப்பிட்டுச் சனிக்கிழமையோடு கணக்கு முடிந்தது என்றார். வெள்ளிக்கிழமை அருணா ஷைனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "என் கை மேலதான்க்கா எனக்கே சந்தேகமா இருக்குது" என்றாள். ஷைனி தன் டப்பாவை மூடி வைத்தாள். அன்று முழுக்க ரயில் கிளம்பவே இல்லை. கோடு நகர்ந்தது, ஏரி இருந்தது, அவள் மட்டும் மேசையில் இருந்தாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகக் கோபாலிடம் போனாள். "அருணா மேல தப்பில்ல சார். கேபிளு. நான்தான் சின்னதுரை அண்ணன்கிட்ட சொல்லி நீட்டிக்கினேன். அஸ்கர் தம்பி கேட்டதுக்குப் பொய் சொன்னேன்." சொல்லிவிட்டுப் பழைய கேபிளைப் போட்டு, சிவப்புத் தட்டிலிருந்து முப்பது போர்டை அவர் கண்முன்னால் பச்சையாக்கிக் காட்டினாள்.

கோபால் அஸ்கருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அஸ்கர் சொன்னான்:

"அக்கா, பட்டைக் கேபிளதான் நீட்டக் கூடாது. டப்பிய ஜன்னலாண்ட வச்சுட்டு, கம்ப்யூட்டருக்கும் டப்பிக்கும் நடுவுல யூஎஸ்பி ஒயர நீட்டியிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. செவ்வாய்க்கிழமையே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, சார்கிட்ட நானே பேசிச் செஞ்சு குடுத்திருப்பேனே."

ஷைனி கோபாலைப் பார்த்தாள். ஒரு விநாடி ஆசைதான். கோபால் போனை வைத்தார். "ஒயரும் வேணாம், ஜன்னலும் வேணாம். பொய் சொல்லி வச்சுக்கின எடம். மேசைய பழைய எடத்துல போடு" என்றார். அருணாவுக்கு வேலை உறுதி என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சின்னதுரையும் இன்னொருவரும் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்குக் கீழே தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அருணா அங்கே வந்து நின்றாள். அவள் கண்ணில் சந்தோஷம் இருக்கும் என்று ஷைனி நினைத்திருந்தாள்.

"எப்பலேர்ந்துக்கா தெரியும் உனக்கு?"

"புதன்கெழமலேர்ந்து."

அருணா விரல்விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணினாள் என்பது முகத்தில் தெரிந்தது. புதன், வியாழன், வெள்ளி. வேலை போயிற்று என்று கேட்டது, சோற்றைப் பிசைந்தது, தன் கையையே சந்தேகப்பட்டது. அருணா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். நிதானமாக, ஏதாவது இருக்க வேண்டுமே என்று தேடுகிறவள் போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள்.

"இன்னாக்கா இருக்குது இங்க? வேலி, தண்ணி. ஒண்ணுமே இல்லியே."

"ஒண்ணுமில்லதான்" என்றாள் ஷைனி.

அன்றைக்கு அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.