சாமை அளக்கும் மூங்கிலில் சவரச் சோப்பு

இதை யாருக்கும் காட்டாதீங்க, முக்கியமாக என் அம்மாவுக்கு.

பள்ளிக் கண்காட்சிக்குப் பிளாஸ்டிக் இல்லாத ஷேவிங் டப்பா செய்தேன். மூங்கில் குழாய்க்குள் சோப்பு, பிரஷ், ரேசர் எல்லாம் அடங்கிவிடும். மூடியைக் கழற்றி நிமிர்த்தினால் தண்ணீர்க் கிண்ணம்.

இன்று காலை அப்பா அதை வைத்துத்தான் சவரம் செய்தார்.

"சூப்பரா கீதும்மா. இனிமே எனக்கு இதான்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது உள்ளேயிருந்து அம்மா கத்தினார். "சாமை அளக்கற மூங்கில் எங்கடி?"

நுரை முகத்தோடு அப்பா குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எலி இழுத்துனு போயிருக்கும்" என்றார்.

"அம்மாம் பெரிய எலியா? அது எந்த வூட்டு எலின்னு பாக்கறேன்!"

அப்பா என் பக்கம்தான். ஆனால் திருப்பி வைக்கலாமென்றால் குழாயில் சோப்பு வாசனை போகவில்லை. எதைப் போட்டுக் கழுவலாம்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

ஐயோ, யாரோ கதவைத் தட்டுறாங்க. எலியைத் தேடித்தான்...